வண்டிக்குக் கிடைத்த உத்தரவு

ஆடி 5, திங்கள்

என் பெயர் சென்னியப்பன். இந்த வரியை எழுதி முடித்ததும் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

புங்கம்பாளையத்தில் வீடு வீடாகப் பால் ஊற்றியே என் காலம் போயிற்று. அப்போதெல்லாம் பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். எழுபது தாண்டிய பிறகு முதியோர் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். தினமும் ஏதாவது எழுதுங்கள் என்றார் டீச்சர். எதை எழுதுவது என்று கேட்டேன். நடந்ததை எழுதுங்கள் என்றார். நல்ல வேளையாக இன்றைக்கு ஒன்று நடந்தது.

என் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் எண்ணெய் ஒழுகுகிறது. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்களுக்கு போர்க் என்று பெயர். பள்ளத்தில் விழும்போது நம் இடுப்பு உடையாமல் அமுங்கிக் கொடுப்பது அதுதான். உள்ளே எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயை வெளியே விடாமல் பிடித்து வைப்பது ஒரு ரப்பர் வளையம். ஆயில் சீல் என்பார்கள். மெக்கானிக் ஜெயபால் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான்.

“ரெண்டு பக்கமும் சீல் போச்சுங் பெரியப்பா. எண்ணெ வழிஞ்சு பிரேக்குக்குள்ள போயிருச்சு. இனி முன் பிரேக்கப் புடிக்கறது உங்க மனத்திருப்திக்குத்தான்.”

“எப்பக் கெடைக்கும்?”

“ரெண்டு நாளுங்.”

வண்டியை விட்டுவிட்டு வந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை. ஆவணி பன்னிரண்டாம் தேதிக்குள் கிடைத்தால் போதும். அன்றைக்கு மூலனூரில் பாவாயி டிபன் கடை திறக்கிறாள். பாவாயி எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அந்த இடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும், அதனால் அங்கே உட்காருவேன். சான்றிதழ் வாங்கிய கையோடு தன் சொந்த ஊரான மூலனூருக்குப் போய்விட்டாள். கடைக்கு விலைப் பலகை எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். வகுப்பிலேயே என் கையெழுத்துத்தான் அழகு. இதை நான் சொல்லவில்லை, அவள் சொன்னது.

ஆடி 7, புதன்

வண்டியை இன்னும் தொடவில்லை. நாளைக்கு ஆடி அமாவாசை. முதல் நாள் வண்டியைப் பிரித்துப் போட்டால் அமாவாசை அன்றைக்கு அது அனாதையாகக் கிடக்குமாம். ஜெயபாலுக்கு இவ்வளவு பக்தி இருப்பது எனக்குத் தெரியாது.

ஆடி 8, வியாழன்

அமாவாசை. பட்டறை திறந்திருந்தது. ஜெயபால் இரண்டு ஸ்கூட்டர், ஒரு மொபெட், தண்ணீர் மோட்டார் ஒன்று எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அமாவாசை என் வண்டிக்கு மட்டும்தான் போலிருக்கிறது. பழைய வண்டி இல்லையா, அதற்கு முன்னோர்கள் அதிகம்.

ஆடி 9, வெள்ளி

நேற்று எழுதத் தொடங்கிய கடைசி வரியை இன்று காலையில்தான் முடித்தேன்.

ஆடி 12, திங்கள்

இந்த வண்டிக்கான சீல் இங்கே கிடைக்காதாம். கோயமுத்தூரிலிருந்து வர வேண்டுமாம். “ஆடிக் காத்துல லாரி எல்லாம் மெதுவாத்தான் வருதுங்” என்றான் ஜெயபால்.

திரும்பி வரும்போது பட்டறைக்குள்ளிருந்து என் மகன் லோகநாதன் வெளியே வந்தான்.

“ஏன் லோகு, இங்க?”

“சும்மாதானுங்ப்பா. வண்டிக்குக் காத்துப் புடிக்கலாம்னு வந்தேன்.”

பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தோம். அவன் வண்டி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. லோகு எப்போதும் முன்யோசனை உள்ளவன். காற்றுப் பிடிக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

ஆடி 16, வெள்ளி

வண்டிக்குக் காத்திருந்து பயனில்லை என்று பஸ்ஸில் மூலனூர் போனேன். பலகைக்கு அளவு எடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் பஸ்ஸுக்கு நடத்துனர் செல்வம். என் மருமகள் சுகந்திக்குச் சித்தப்பா மகன். “எங்கீங் மாமா, மூலனூருக்குங்களா? யாரு ஊட்டுக்குங்?” என்று கேட்டான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு தரம் கேட்டான். ஊரைப் பார்க்க என்றேன். பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வேட்டி புதிதாக இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. நல்ல இடம். பாவாயி அடுப்புக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எனக்குப் பின்னால் பஸ் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்ததையும் பார்த்தாள். செல்வம் படியில் தொங்கிக்கொண்டு தலையை நீட்டினான்.

“ஏனுங்க, நீங்க ஒருத்தரு வந்தா பஸ்ஸே எறங்கி வருது” என்றாள்.

“வண்டி ரிப்பேருல கெடக்குது பாவாயி.”

“வண்டியா, ஆளா?”

நான் அளவு எடுக்கும் நாடாவை எடுத்தேன். பாவாயி கையைக் கழுவிவிட்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. கடை தெறக்கற அன்னிக்கு உங்க வண்டியில, பட்டப் பகல்ல, நாலு பேரு பாக்க வந்து நில்லுங்க. வந்தா உக்காந்து பேசலாம். ஒளிஞ்சு வர்றவருக்கு எங்கடையில எலை கெடையாது. அன்னிக்கு வல்லீன்னா பொறகு எப்பவும் வரவேண்டாம்.”

சரி என்றேன். நாலடிக்கு இரண்டடிப் பலகை போதும் என்று தெரிந்தது. கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஜன்னல் கிழக்குப் பார்த்து இருக்கிறது. காற்று வருகிறது. மேல் ஓடு ஒழுகுமா என்றும் பார்த்தேன், ஒழுகாது. பொதுவாக ஒரு கட்டிடத்தைப் பார்த்தால் இதையெல்லாம் கவனிப்பது என் வழக்கம்.

ஆடி 17, சனி

நான் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. நேற்று அதை எழுதக் கை ஓடவில்லை. இன்று எழுதுகிறேன்.

“மூலனூருல என்னுங் வேலை?” என்று லோகு கேட்டான்.

“ரோட்டுல இருக்கற போர்டெல்லாம் படிக்கலாம்னு போனேன்.”

“பக்கத்துல தாராபுரத்துல இல்லாத போர்டா?”

“அதெல்லாம் படிச்சாச்சு.”

சுகந்தி உள்ளிருந்து வந்தாள். “மாமா, உங்க பேத்திக்கு மாப்பிள்ள பாத்துட்டு இருக்கறோம். இந்த நேரத்துல ஊட்டுல அப்பாருக்குப் பொண்ணு பாக்கறாங்கன்னு நாலு பேரு பேசுனா நல்லாவா இருக்கும்?”

“யாரு பேசறாங்க?”

“செல்வந்தான் பஸ்ஸு முழுக்கச் சொல்லீட்டு வர்றானே.”

“அப்ப அவன நிறுத்தச் சொல்லு. நான் எதுக்கு நிக்கோணும்?”

லோகு தலையில் கை வைத்துக்கொண்டான். உங்களை அந்த வகுப்புக்கு அனுப்பியதே தப்பு என்றான். அவன் அம்மா போன பிறகு நான் சும்மா வீட்டில் இருந்தால் மனசு கெட்டுவிடும் என்று இவன்தான் கொண்டுபோய்ச் சேர்த்தான். முதல் நாள் சிலேட்டும் வாங்கிக் கொடுத்தான். நல்ல பிள்ளை. இந்த வண்டியில் நீங்கள் ஏறினால் விழுந்து எலும்பு உடையும், அந்தப் பயத்தில்தான் சொல்கிறேன் என்றும் சொன்னான். முன் பிரேக் பிடிக்காது என்பது உண்மைதான். அதற்குத்தான் சீல் மாற்றச் சொன்னேன் என்றேன்.

ஆடி 22, வியாழன்

வண்டியை விலைக்கு வாங்க ஒரு பார்ட்டி வந்தார். லோகுவின் ஏற்பாடு. பைபாஸ் ரோட்டில் பெரிய ஓட்டல் கட்டிக்கொண்டிருக்கிறாராம். எங்களைப் பட்டறைக்கு வரச் சொல்லி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்.

“வண்டி புடிச்சிருக்குதுங்களா?” என்று நான் மரியாதைக்குக் கேட்டேன். “நல்லா ஓடுங்க. நீங்க ஓட்டிப் பாக்கலாம்.”

“ஓட்டறதுக்கு இல்லீங் அய்யா. சுவத்துல மாட்டறதுக்கு.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஓட்டலுக்குள் உயரமான சுவர். அதில் பாதி உயரத்தில் வண்டியை மாட்டுவார்கள். கீழே மேசை போட்டு ஆட்கள் சாப்பிடுவார்கள். பழைய சாமான் தலைக்கு மேல் தொங்கினால் ரொட்டியைக் கூடுதல் விலைக்கு வாங்குவார்களாம். மாட்டு வண்டிச் சக்கரம், ஆட்டுக்கல், சைக்கிள் எல்லாம் ஏற்கெனவே வாங்கிவிட்டாராம்.

“ஆனா ஒண்ணுங்” என்று குனிந்து முன் சக்கரத்தைக் காட்டினார். “எண்ணெ சொட்டுது பாருங்க. கீழ உக்காந்து சாப்பிடறவங்க தட்டுல விழுந்தா என்ன ஆவறது? சீல் மாத்திக் குடுத்துருங்க. அப்பறம் எடுத்துக்கறேன்.”

லோகு ஜெயபாலைப் பார்த்தான். ஜெயபால் லோகுவைப் பார்த்தான்.

ஆடி 23, வெள்ளி

கோயமுத்தூரிலிருந்து சீல் வந்துவிட்டது. காலையில் நான் பட்டறைக்குப் போனபோது ஜெயபால் தன் மேசை டிராயரைத் திறந்து எடுத்தான். உறையின் மேல் தூசி கனமாகப் படிந்திருந்தது. நேற்று கிளம்பி இன்று வந்த சாமானுக்கு இவ்வளவு தூசி. கோயமுத்தூர் ரோட்டில் வேலை நடக்கிறது போலிருக்கிறது.

“நானும் கூட இருக்கட்டுமா?”

“இருங்க பெரியப்பா” என்றான் ஜெயபால். முகத்தை நிமிர்த்தவில்லை.

முன் சக்கரத்தைக் கழற்றினோம். மட்கார்டைக் கழற்றினோம். இரண்டு போர்க்கையும் கீழே இழுத்து எடுத்து, தலைகீழாகப் பிடித்து எண்ணெயை வடித்தோம். கருப்பட்டிப் பாகு மாதிரி வந்தது, வாசம்தான் வேறு. பழைய சீலை நெம்பி எடுக்கும்போது மட்டும் ஜெயபால் மூச்சைப் பிடித்துக்கொண்டான். உள்பக்கம் ஒரு கீறல் விழுந்தாலும் புதுச் சீலும் ஒழுகுமாம். எடுத்த சீலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. வளைத்தால் விரிசல் விட்டது.

குழாயில் துரு பிடித்திருந்த இடத்தை நான் மெல்லிய எமரி ஷீட்டால் தேய்த்தேன். புது வளையத்தைக் குழாயில் ஏற்றும்போது குழாயின் விளிம்பு கிழித்துவிடக் கூடாது என்று ஜெயபால் ஒரு பால் கவரை எடுத்து விளிம்பில் சுற்றினான். இந்தப் பால் கவர் வந்துதான் ஊரில் பாதி வீடு என்னிடம் பால் வாங்குவதை நிறுத்தியது. இன்றைக்குக் கடனைத் தீர்த்துவிட்டது. எண்ணெய் தடவி ஏற்றி, அதே அளவுள்ள ஒரு குழாய்த் துண்டை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினான். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமாகப் புது எண்ணெய் ஊற்றினோம். பிரேக்கைப் பெட்ரோலில் கழுவித் தேய்த்துப் போட்டோம்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. ஹேண்டில் பாரைப் பிடித்து முன்பக்கத்தை அமுக்கினேன். இறங்கி, மெதுவாக ஏறியது. மறுபடி அமுக்கினேன். குழாயில் ஒரு சொட்டு இல்லை.

“இது அரை நாள் வேலைதானா ஜெயபாலு?”

“ஓட்டறதுக்குன்னாத்தான் பெரியப்பா நாளாவும். மாட்டறதுக்கு அரை நாளு போதும்” என்றான். பிறகு ரொம்பச் சங்கடப்பட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

சாவியை லோகு வாங்கிப் போய்விட்டான்.

ஆடி 26, திங்கள்

வண்டி என் பெயரில் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. லோகு விற்பனைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினான்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடுங்ப்பா.”

முன்பெல்லாம் விரலை மையில் தொட்டு, அவன் காட்டிய இடத்தில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விடுவேன். இப்போது அப்படி முடியாது.

“படிச்சுட்டுப் போடறேன்” என்றேன்.

“ஒரு பக்கந்தானுங்.”

“ஆமா, ஒரு பக்கந்தான்.”

ஆடி 27, செவ்வாய்

மூன்று வரி படித்தேன். கஷ்டமான தமிழ்.

ஆடி 30, வெள்ளி

ஆறாவது வரியில் ‘மேற்படி’ என்று வருகிறது. மேற்படி என்றால் மேலே சொன்னது என்று பேத்தி சொன்னாள். அதனால் மறுபடி மேலே போய் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. லோகு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். ஓட்டல்காரர் போன் மேல் போன் போடுகிறாராம். நான் வேண்டுமென்று செய்யவில்லை. டீச்சரே சொல்லியிருக்கிறார், அவசரப்பட்டுப் படித்தால் பொருள் மனதில் நிற்காது என்று.

ஆவணி 1, ஞாயிறு

படித்து முடித்துவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சத்தம். லோகு சாவியைத் தர மாட்டேன் என்றான். நான் சோறு வேண்டாம் என்றேன். சுகந்தி இரண்டு பேரையும் திட்டினாள். கடைசியில் லோகுவே ஒரு வழி சொன்னான். மாகாளியம்மன் கோயிலில் பூக் கேட்கலாம். ஆத்தா என்ன சொல்கிறாளோ அதற்கு இரண்டு பேரும் கட்டுப்பட வேண்டும். இனிப் பேச்சு இல்லை.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதென்றாலும் கல்யாணம் என்றாலும் பூக் கேட்காமல் செய்வதில்லை. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஆத்தா முன்னால் வைப்பார்கள். கேட்க வேண்டியதை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

சரி என்றேன். அரளிப் பூவை நானே பறித்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருகிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றான் லோகு. எவ்வளவு கோபம் இருந்தாலும் பெரியவர்கள் சிரமப்படக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை.

ஆவணி 6, வெள்ளி

காலையில் குளித்துக் கோயிலுக்குப் போனோம். லோகு, சுகந்தி, நான். செய்தி எப்படியோ பரவி அரை ஊர் வந்திருந்தது. செல்வம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

லோகு வெற்றிலையில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலங்களைப் பூசாரியிடம் கொடுத்தான். பூசாரி வாங்கி ஆத்தா பாதத்தில் வைத்துத் தீபம் காட்டினார்.

“யாருங் நெனைக்கறது?” என்று கேட்டார்.

“நானே நெனைக்கறனுங்” என்றான் லோகு.

“வண்டி யாருது?”

“எங்கப்பனுதுங்.”

“அப்ப அவருதானுங் நெனைக்கோணும். சாமான் ஒருத்தருது, நெனப்பு ஒருத்தருதுன்னா ஆத்தாளுக்கு எப்படித் தெரியும்?” என்று பூசாரி என்னைப் பார்த்தார். “வாய் விட்டுச் சொல்லாதீங்க. மனசுல கேளுங்க.”

லோகு ஒன்றும் பதறவில்லை. “நெனைங்கப்பா, நெனைங்க. நல்லா நெனைங்க” என்று சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டான்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார் பூசாரி. அது எடுத்துக் கொடுத்தது. நூலைப் பிரித்தார்.

வெள்ளை.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. லோகு கைகளை உயர்த்திக் கும்பிட்டான். “ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! வித்துரலாம்!” என்றான். இன்னொரு பொட்டலத்தை யாரும் தொடுவதற்குள் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“விக்கலாமான்னு யாரு கேட்டா?” என்றேன்.

“நீங்கதானுங்ப்பா கேட்டீங்க.”

“நான் அதக் கேக்கலியே.”

“பின்ன என்னத்தக் கேட்டீங்க?”

“மூலனூருக்கு வண்டி எடுத்துட்டுப் போலாமா ஆத்தான்னு கேட்டேன். போன்னுட்டா.”

கூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு பொம்பளை சிரித்தாள். சுகந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

“பூசாரி, இது செல்லாதுங்” என்றான் லோகு. “வண்டிய விக்கறதப் பத்தித்தான வந்தோம்? திருப்பி வெச்சுக் கேக்கலாங்.”

பூசாரி முகம் மாறிவிட்டது. “ஏனுங் லோகநாதா, ஆத்தாகிட்ட ரெண்டாந்தரம் கேட்டா மொதத்தரம் பொய் சொன்னாளான்னு கேக்கறாப்பல ஆவும். உங்களுக்கு அவ வாக்குல சந்தேகமுங்களா?”

“இல்லீங், அது வந்து, அந்தப் பூவுல…”

“பூவுல என்னுங்?”

அரை ஊரும் லோகுவைப் பார்த்தது. அவன் கை சட்டைப் பையின் மேல் இருந்தது.

“ஒண்ணுமில்லீங்” என்றான். “நல்ல பூவுங்.”

பூசாரி அவன் நெற்றியில் திருநீறு பூசினார். கோயிலை விட்டு வெளியே வந்ததும் வண்டிச் சாவியை மடியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தான்.

ஆவணி 7, சனி

காலையில் சுகந்தி துணி துவைக்கும்போது லோகுவின் சட்டைப் பையிலிருந்து அந்த இன்னொரு பொட்டலம் விழுந்தது. நானும் அருகில்தான் நின்றேன். நூல் அவிழ்ந்து பூ வெளியே வந்தது. அதுவும் வெள்ளை.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

ஆத்தா எவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கிறாள். எந்தப் பக்கம் எடுத்தாலும் போ என்பதுதான் பதில்.

ஆவணி 9, திங்கள்

ஊரில் பேச்சு மாறிவிட்டது. இந்த வயதில் என்ன கேடு என்றவர்கள் எல்லாம் இப்போது, ஆத்தாவே அனுப்புகிறாள், நாம் யார் என்கிறார்கள். டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் விடுகிறார்கள். செல்வம் பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவரிடமும் வெள்ளைப் பூ வந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறானாம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் செய்தி போய், தெய்வ பக்தி உள்ள குடும்பம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு லோகுவுக்கே பேச்சு வந்துவிட்டது. நேற்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: “நாந்தானுங் பூக் கேக்கலாம்னு சொன்னது. எங்கப்பனுக்குத் தோணவே இல்ல.”

உண்மைதான். எனக்குத் தோணவே இல்லை.

ஓட்டல்காரர் வேறு யாரிடமோ ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டாராம்.

ஆவணி 11, புதன்

வண்டியைக் கழுவினேன். பலகையில் பூரி என்பதை மட்டும் இரண்டு தரம் அழித்து எழுதினேன். தூக்கம் வராது போலிருக்கிறது. நல்ல காற்று அடிப்பதுதான் காரணம்.

ஆவணி 12, வியாழன்

விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பினேன். பட்டப் பகல் என்று அவள் சொல்லியிருந்தாள். பலகையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் வீதி வழியாகவே மெதுவாகப் போனேன். போகும் வழியில் முன் பிரேக்கை வேண்டுமென்றே நாலைந்து இடத்தில் பிடித்துப் பார்த்தேன். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் அமுங்கி எழுந்தது, ஒரு குலுக்கல் இல்லை.

எனக்குப் பின்னால் லோகு தன் வண்டியில் வந்தான். ஆத்தா உத்தரவு கொடுத்த காரியத்துக்கு வெறும் கையோடு போகக் கூடாதாம். சுகந்தி பின்னால் உட்கார்ந்து மடியில் தேங்காய், பழம், பூ வைத்த தட்டைப் பிடித்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் செல்வத்தின் பஸ். எங்களை முந்தவே இல்லை. உள்ளே எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கடை முன்னால் வெயிலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாவாயி நீல நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பின்னால் தட்டோடு நின்றவர்களைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

லோகு முன்னால் போனான். “வணக்கமுங். ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளுங். ரெண்டு பொட்டலமும்… வெள்ளைப் பூத்தானுங் வந்துது. எங்குளுக்கு மறுப்பு இல்லீங்.”

“எதுக்குங் உத்தரவு?” என்றாள் பாவாயி.

லோகு என்னைப் பார்த்தான். சுகந்தி தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “அதானுங்… மாமா இங்க வர்றதுக்கு…”

“அவரு வர்றதுக்கு ஆத்தாளக் கேட்டீங்க, சரீங். நான் சேத்துக்கறதுக்கு யாரக் கேட்டீங்க?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டார்கள். பஸ்ஸின் என்ஜினை யாரோ நிறுத்தினார்கள்.

பாவாயி என் பக்கம் திரும்பினாள். “ஊரே கூடிப் பூக் கேட்டீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவள் சொன்னது சரி. கோயில் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கண்ணத் தொறங்க. நான் மாகாளியாத்தா இல்ல, மனசுல நெனச்சாத் தெரியறதுக்கு. வாய் விட்டுக் கேளுங்க.”

கேட்டேன். என்ன கேட்டேன் என்று இங்கே எழுதவில்லை. செல்வம் பஸ் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், அதனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பாவாயி உள்ளே போய் இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தாள். ஆவியில் அவள் முகம் மறைந்தது. இட்லியை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டாள். ஒருவர் சட்னி கேட்டார், அவருக்கு ஊற்றினாள். நான் வெயிலில் நின்றேன். என் வாழ்நாளில் இட்லி எடுக்க இவ்வளவு நேரம் ஆகி நான் பார்த்ததில்லை.

பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“வண்டி எதுக்கு வெயில்ல காயுது? பொறத்தால கொண்டுபோயி நெழல்ல நிறுத்துங்க.”

“என்ற வண்டிங்களா?” என்றான் லோகு.

“உங்குளுது அங்கயே நிக்கட்டும் தம்பி. நீங்க தின்னுட்டுப் போறவங்கதான.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன். வேப்பமர நிழல் அடர்த்தியாகத்தான் இருந்தது.